தாஜ்மகாலுக்கு வெளியே ஒரு வேப்பமரம்

ஏ புள்ள அம்சா,

நல்லா இருக்கியா என்று கேட்டால் சிரிப்பாய். இருந்தாலும் கேட்கத்தான் தோன்றுகிறது. கல்யாணம் ஆன நாளிலிருந்து உனக்கு நான் ஒரு கடிதம் எழுதியதில்லை. இந்தச் சாரம் ஊரில் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு யார் யாருக்கு எழுதுவது? ஊர் ஊராகப் போனவள் நீதான். நீயும் எழுதியதில்லை. போன் செய்து "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். கதையெல்லாம் வீட்டுக்கு வந்து நேரில்தான்.

இப்போது நான் ஒரு சேதி சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு கேள். நான் டூர் போய்விட்டு வந்துவிட்டேன். டெல்லி, ஜெய்ப்பூர், ஆக்ரா, ரிஷிகேஷ். நானேதான். கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. ரேவதி வெந்நீரில் உப்பைப் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அம்மா கூப்பிட்டபோதெல்லாம் வீட்டில் படுத்துக்கொண்டு இருந்த மனுஷனுக்கு இப்போது என்ன வந்தது என்று கேட்கிறாள். உன் மகளுக்கு உன் வாய் அப்படியே வந்திருக்கிறது.

நீ போனபிறகு உங்கள் மகளிர் குழுவில் டூர் பேச்சே எழவில்லை. ஆடி மாதம் சரோஜா வந்தாள். உன் வலது கை மாதிரி இருந்தவள், வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரவே தயங்கினாள். அக்கா இல்லாமல் போக யாருக்கும் மனசு வரவில்லை, போகாமல் விட்டால் இதோடு நின்றுபோகும், நீங்கள் ஒரு பேருக்காவது கூட வாருங்கள் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயணம் பற்றி என் அபிப்பிராயம் உனக்குத் தெரியாததா?

மில்லை மூடியபிறகு அந்த கெஸ்ட் ஹவுஸ் வாசலில் வாட்ச்மேனாக நிற்கிறேன். சனி ஞாயிறு வந்தால் கார் காராக வந்து இறங்குகிறார்கள். மஞ்சள் சுவரில் சாய்ந்துகொண்டு போட்டோ எடுக்கிறார்கள். ரூமைக் காலி செய்தபிறகு பையை என்னிடம் போட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போய், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் நன்றிக்கு 'மெர்சி' என்பார்கள். நம் ஆட்கள் அதுவும் சொல்ல மாட்டார்கள். தினம் இதையே பார்க்கிறவனுக்கு ஊர் சுற்ற ஆசை எங்கிருந்து வரும்?

ஆனாலும் சரி என்றுவிட்டேன். காரணம் உன்னிடம்தான் சொல்ல முடியும். வீட்டில் கதை நின்றுபோய்விட்டது அம்சா. டிவி ஓடுகிறது, பக்கத்து வீட்டு மிக்சி ஓடுகிறது, ஆனால் எனக்கென்று ஒரு கதை சொல்ல ஆள் இல்லை. நீ பார்த்ததையெல்லாம் ஒரு தடவை என் கண்ணாலும் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. உன்னோடு சேர்ந்து செய்ய எனக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

உன் கதைகளில் தண்ணீர்க் கதைகள் ஒரு தினுசு. எந்த ஊருக்குப் போனாலும், கட்டடம் பார்த்து முடித்ததும் பக்கத்தில் ஆறு, அருவி, ஏரி என்று எதையாவது விசாரித்து பஸ்ஸைத் திருப்பிவிடுவாய். "நாள் பூரா கல்லப் பாத்தா கண்ணு காஞ்சிபூடும்" என்பாய். ஒகேனக்கலில் யார் வழுக்கி விழுந்தாள், ரிஷிகேஷில் குளிர் எப்படி எலும்பைப் பிடித்தது என்று நீ சொல்லும்போது எனக்கே உடம்பு சிலிர்க்கும்.

ஊர்க் கதைகள் வேறு மாதிரி. ஜெய்ப்பூர்க் கோட்டை எப்படி இருந்தது என்று கேட்டால், கீழே ஏரிக்கரையில் புறாவுக்குத் தீனி போடுகிறவன் புறாக்களைப் பெயர் சொல்லித் திட்டுவான் என்பாய். தாஜ்மகால் எப்படி என்றால், "வெள்ளையா பெருசா இருக்குது, அத வுடு" என்று சொல்லிவிட்டு, ஒட்டக வண்டிக்காரன் தூங்கும்போது அவன் தலைப்பாகையை ஒட்டகம் மென்று தின்ற கதைக்குப் போய்விடுவாய். வேப்பமரம் நிறையக் கிளி, அதன் கீழே கடலைக்காரர், அவருக்கு ஒரு நொண்டி நாய். உலகமே பார்க்க வருகிற இடத்துக்குப் போய்விட்டு நொண்டி நாய்க் கதை சொல்கிறாயே என்று உன்னை எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பேன். கிண்டல் செய்துவிட்டு, அப்புறம் அந்த நாய் என்ன ஆச்சு என்றும் நான்தான் கேட்பேன்.

டெல்லியில் முதல் நாளே எனக்கு வேலை கொடுத்துவிட்டார்கள். பெரிய பை, சாப்பாட்டு மூட்டை எதையும் உள்ளே விட மாட்டார்களாம். யாராவது வெளியே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் வைத்துப் பூட்டினாலும் நம் பெண்களுக்கு நம்பிக்கை வராது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அனுபவம் உள்ள ஆள் நான் ஒருவன்தானே? சரோஜா உன் சிவப்புக் கட்டம் போட்ட போர்வையைக் கொண்டுவந்து விரித்தாள், எங்கள் மில்லில் நெய்ததுதான். அதன்மேல் பைகளைக் குவித்தார்கள். நான் நடுவில் உட்கார்ந்தேன். செங்கோட்டையின் சிவப்பை வெளியே இருந்து பார்த்ததோடு சரி.

ஜெய்ப்பூரில் கோட்டைக்குக் கீழே, ஏரிக்கரையில் உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு ஆள் தட்டில் தானியத்தோடு வந்து புறாக்களைத் திட்ட ஆரம்பித்தான். அட, இவனைத்தான் அம்சா சொன்னாள் என்று சந்தோஷமாக இருந்தது. வேறொன்றும் அப்போது மண்டையில் உறைக்கவில்லை.

ஆக்ராவில்தான் உறைத்தது. பஸ் நிற்கிற இடத்திலிருந்து தாஜ்மகால் தொலைவு, அதன் நுனிகூடத் தெரியாது. பெண்கள் பேட்டரி வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். நான் போர்வையில் உட்கார்ந்து நிமிர்ந்தால், தலைக்கு மேல் வேப்பமரம். கிளிகள் கத்துகின்றன. எதிரே ஒட்டக வண்டி. இந்தப் பக்கம் கடலை வறுக்கிற வாசனை. நீ சொன்னது ஒன்று விடாமல் என்னைச் சுற்றி இருந்தது, தாஜ்மகாலைத் தவிர.

கடலைக்காரர், நல்ல வயசாளி, நெற்றிக்குக் கையை வைத்துப் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து அதன் கட்டத்தைத் தொட்டார். பிறகு மூக்கின் இரண்டு பக்கமும் விரலை வைத்துக் காட்டினார். உன் இரட்டை மூக்குத்தி. அவள் எங்கே என்று கையை விரித்துக் கேட்டார். எனக்கு இந்தி தெரியாது. வானத்தைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டு, ஒரு கை கடலையை அள்ளிப் போர்வையில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு வைக்கவில்லை, எனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் வைத்தார். அங்கே உட்கார்ந்து அழுதேன் புள்ள. ஒட்டக வண்டிக்காரன் பார்த்தான், பார்த்தால் பார்க்கட்டும்.

சரோஜா மற்றவர்களுக்கு முன்னால் திரும்பி வந்தாள். அக்கா எப்போதாவது உள்ளே போயிருக்கிறாளா என்று கேட்டேன். அவள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"இல்லண்ணே. எந்த ஊர்லயும் போவாது. தண்ணின்னா மட்டும் பையெல்லாம் சாமி மேல போட்டுட்டு மொத ஆளா எறங்கும்."

ஏன் என்றேன். கால்வலியா? பைக்குப் பயந்தா?

"நானும் கேட்டேன். 'உள்ள போனா செவுரும் கல்லும்தான்டீ, அத வச்சிக்கினு அந்தாளுக்கு இன்னாத்த சொல்றது? இங்க குந்தினா நாலு மனுசாளப் பாக்கலாம், அவருக்குச் சொல்லலாம்'னுச்சு."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நீ நிஜமாகச் சொன்னாயா, இல்லை சரோஜாவின் வாயை அடைக்கச் சொன்னாயா? ஊரெல்லாம் போய் வாசலில் உட்கார்ந்து, எனக்காகக் கதை பொறுக்கிக்கொண்டா இருந்தாய்? நீ இருந்தால், ஆசையைப் பார் கிழவனுக்கு என்பாய். இல்லாததால் நான் நம்பிக்கொள்கிறேன்.

பார்க்க வந்ததைப் பார்த்தாயிற்று, உள்ளே போகவில்லை என்றுதான் சொன்னேன். நீ பார்த்தது எனக்குப் போதும் என்று இருந்தது. சரோஜா விடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் போர்வையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்து போண்ணே. அக்காவுக்கு யாரு சொல்றது?"

போனேன். அதனால்தான் இந்தக் கடிதம். இத்தனை காலம் வாசல் கதையை எனக்கு நீ சொன்னாய். இப்போது உள்கதையை நான் சொல்கிறேன்.

செருப்புக்கு மேல் துணி உறை மாட்டிவிடுகிறார்கள், நடந்தால் சர் சர் என்று சத்தம். கல் வெயிலிலும் அவ்வளவாகச் சுடவில்லை, தொட்டால் நம் வீட்டு அம்மிக் கல்லைக் காலையில் தொட்டமாதிரி இருந்தது. உள்ளே அரை இருட்டு. ஒரு குழந்தை சும்மா கூவியது, அந்தச் சத்தம் மேலே போய்ச் சுற்றிக்கொண்டே இருந்தது, இறங்கவே இல்லை. கூவச் சொல்லிக் கொடுத்த தகப்பனைக் காவலர் திட்டினார். அது உனக்குப் பிடித்திருக்கும். மற்றபடி நீ சொன்னது சரிதான், வெள்ளையாகப் பெரிதாக இருக்கிறது.

அப்புறம் ஒன்று சொல்ல வேண்டும், அதை எப்படிச் சொல்வது என்று நாலு நாளாக யோசிக்கிறேன். கூட்டத்தோடு சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். சுவர் இடுப்பளவுதான். எட்டிப் பார்த்தால் கீழே ஆறு ஓடுகிறது அம்சா. யமுனை. பெரிய தண்ணீர் என்று சொல்ல முடியாது, மணல் திட்டு தெரிகிறது, எருமைகள் கழுத்தளவில் நிற்கின்றன, அக்கரையில் ஒருவன் துணியைக் காயப் போடுகிறான். காற்று ஈரமாக வந்து முகத்தில் பட்டது. ஊர் ஊராக டிரைவரை எழுப்பித் தண்ணீர் எங்கே என்று கேட்டவளுக்கு இதை ஏன் ஒருத்தியும் சொல்லவில்லை? திரும்பி வந்து எல்லாரையும் கேட்டேன். பார்த்தோமே என்றார்கள். அங்கே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்களாம், கோபுரம் தெரிகிற பக்கமாக.

தெரிந்திருந்தால் பையையெல்லாம் சாமி மேல் போட்டுவிட்டு ஓடியிருப்பாய். எனக்கு அதுதான் ஆறவில்லை.

ரிஷிகேஷில் யாரிடமும் கேட்காமல் கங்கையில் இறங்கினேன். நீ சொன்ன குளிர் அப்படியே இருந்தது, கொஞ்சம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை நீ. பைகளைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆளே இல்லை. உன் முறைதான், சாமி பார்த்துக்கொண்டார். ஒரு குரங்கு சரோஜாவின் சீப்பை எடுத்துக்கொண்டு போனது, அதைத் தவிர எல்லாம் பத்திரம்.

அடுத்த டூர் விசாகப்பட்டினம் என்று குழுவில் பேசி முடித்துவிட்டார்கள். பக்கத்து மலையில் பெரிய குகை இருக்கிறதாம், அரக்குப் பள்ளத்தாக்குக்குப் போகிற வழியில் அருவியும் உண்டாம். கெஸ்ட் ஹவுஸில் லீவு சொல்லிவிட்டேன். முதலாளி அதிசயமாகப் பார்த்தார். இனிமேல் போர்வையில் ஆளுக்கு ஒரு முறை உட்கார வேண்டும் என்று நான்தான் சட்டம் போட்டிருக்கிறேன், யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

ஒரு வாக்கு கொடுக்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் என் முறைக்கு வாசலில் உட்கார்ந்து நாலு மனுஷரைப் பார்ப்பேன். பிறகு உள்ளே போய், நேராகப் பின்சுவர் வரைக்கும் நடந்து எட்டிப் பார்ப்பேன். தண்ணீர் இருந்தால் மற்ற எதையும் சொல்வதற்கு முன்னால் அதைச் சொல்வேன்.

கேட்க மறந்தேன் என்று நினைக்காதே. அந்த நாய் இப்போது இல்லை. அதன் குட்டி ஒன்று இருக்கிறது, நாலு காலும் நன்றாக இருக்கிறது. உனக்கு வைத்த கடலையை அதற்குத்தான் போட்டேன்.

உன் கதையைக் கேட்டே பாதி உலகம் பார்த்த
உன் வீட்டுக்காரன்