டாக்டர் விங்கேட் பன்றிக் காவலர் ஆன கதை

பிரிம்ஃபோர்டு, நியூ ஹாம்ப்ஷயர்
நவம்பர் 1884

அன்பு மகள் டோர்காஸுக்கு,

கர்த்தர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இரண்டு வேளை பசியெடுத்துச் சாப்பிடும் அளவுக்குச் சுகமாக இருக்கிறோம், ஆரிகனில் நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயல் ஏமஸும் அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். வேறு யாராவது எழுதி உனக்குத் தெரியவருமுன் வெட்கத்தை விட்டு நானே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் பன்றி செனட்டர் இந்தக் கோடை முழுவதும் ஊர்ப் பட்டியில் அடைபட்டுக் கிடந்தான். அவிழ்ந்து திரியும் மாடு ஆடுகளைப் பிடித்து அடைப்போமே, மேட்டின்மேல் டாக்டர் விங்கேட் வீட்டுக்குப் பின்னால், அதே பட்டிதான். பிடித்து அடைத்தவர் டாக்டர். பிடிக்கும் அதிகாரத்தை அவருக்கு வாங்கிக் கொடுத்தவன் உன் அப்பன்.

வருஷா வருஷம் இலையுதிர்காலத்தில் காய்ச்சல் வரும் ஊருக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரமாட்டேன் என்று நீ போன கடிதத்தில் எழுதியதை அம்மா என்னைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். வேறெதையாவது எழுதியிருப்பாய் என்று நினைத்தாளோ என்னவோ. நீ எழுதியதில் தப்பில்லை. பதினாறு வயதில் அந்தக் காய்ச்சலில் கிடந்து, முடியெல்லாம் கொட்டி, அம்மாவின் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு தேவாலயத்துக்கு வந்தவள் நீ. அப்போது டாக்டர் உன் நாக்கைப் பார்த்த நேரத்தைவிட நம் கிணற்றை எட்டிப் பார்த்த நேரம் அதிகம். வைத்தியத்துக்குக் கூப்பிட்டால் இந்த ஆள் தூர் வாருகிறவனைப் போல நிற்கிறாரே என்று நான் நம் கடையில் சொல்லிச் சிரித்தேன், கடைக்கு வந்தவர்களும் சிரித்தார்கள், நம் ஊரில் அடுப்பங்கரை சூடாக இருந்தால் எதற்கும் சிரிப்பார்கள். அந்த மனுஷர் போரில் ராணுவ டாக்டராக இருந்தவர். குண்டுபட்டுச் செத்தவனைவிட முகாமின் தண்ணீரைக் குடித்துச் செத்தவன்தான் அதிகம் என்று அங்கே கண்டுகொண்டாராம். ஊர் திரும்பிய நாளிலிருந்து பன்றிக் கொட்டிலையும் கிணற்றையும் பிரித்து வையுங்கள் என்பதைத் தவிர அவர் வாயில் வேறு பேச்சு கிடையாது, கல்யாண வீட்டிலும் அதே, சாவு வீட்டிலும் அதே. பெண் கொடுக்கலாமா என்று விருந்துக்கு அழைத்த வீடுகளில் எல்லாம் சூப்பு வரும்போதே கக்கூஸ் குழி எவ்வளவு ஆழம் என்று விசாரித்ததால் அறுபது வயதுவரை தனிக்கட்டையாகவே இருந்தார். ஊர் அவரைச் சுகாதார அதிகாரி என்று வைத்திருந்தது. புத்தி சொல்லும் அதிகாரம் அவருடையது, கேட்காமல் இருக்கும் அதிகாரம் எங்களுடையது, இருபது வருஷமாக இரு தரப்பும் அவரவர் கடமையைச் சரியாகச் செய்து வந்தோம்.

இந்தப் பிப்ரவரியில் திடீரென்று அவர் தொப்பி தைக்கும் விதவை லொவினா பெல்னாப்பைக் கட்டிக்கொண்டார். அவளுக்குக் காது அடைக்கும் அளவுக்குக் கடும் ஜலதோஷம் பிடித்திருந்த வாரத்தில் பேசி முடித்திருக்கிறார் என்பது என் அபிப்பிராயம். மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் புது மாப்பிள்ளையைப் பன்றிக் காவலராகத் தேர்ந்தெடுத்துக் கேலி செய்யும் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, உன் வீட்டுக்காரரையே செய்தோம், பாவம், காது சிவந்துபோய் எல்லாருக்கும் ஆப்பிள் சைடர் வாங்கி ஊற்றினார். இந்தத் தடவை நான் எழுந்து நின்று, “புது மாப்பிள்ளை ஒருத்தர் நம்மகூடவே இருக்காரு, பன்னிங்கமேல அவருக்கு இருக்கிற அக்கறை ஊருக்கே தெரியும், டாக்டர் பேரை முன்மொழியிறேன்” என்றேன். கூரை இடிந்து விழாததுதான் குறை. எல்லாக் கையும் தூக்கியாயிற்று. டாக்டர் சிரிக்கவில்லை. சைடருக்கும் சொல்லவில்லை. மெல்ல எழுந்து, “ரொம்ப நன்றி. பன்னிக் காவலரோட அதிகாரம் என்னென்னன்னு கொஞ்சம் வாசிச்சுக் காட்டுறீங்களா?” என்று கேட்டார். பிறந்தது முதல் அந்தக் கூட்டத்துக்குப் போகிறேன், அதை வாசிக்கச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. எழுத்தர் தூசி தட்டி வாசித்தார்: வேலிக்கு வெளியே மூக்கை நீட்டும் பன்றியைப் பிடிக்கலாம், கொட்டில் ஒழுங்காக இல்லையென்றால் ஒழுங்காகும்வரை பட்டியில் அடைக்கலாம், ஒழுங்கு எது என்பதைக் காவலரே தீர்மானிப்பார். சிரிப்பு பின்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக அணைந்தது. “அப்போ சத்தியப் பிரமாணத்தை இப்பவே முடிச்சிடலாமே” என்றார் டாக்டர்.

மறுநாளே சவ ஊர்வலத்துக்குப் போடும் கறுப்புத் தொப்பியோடு, கையில் கோலும் கயிறுமாகத் தெருவில் இறங்கிவிட்டார். நம் வீட்டுக்கு வந்தபோது மட்டும் செனட்டரைப் பிடிக்கவில்லை, அவன் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். கூட்டத்தில் பேர் சொன்ன நன்றி என்று நினைத்தேன். சில நாள் கழித்து உன் அம்மா, “ஏங்க, காப்பியில விளக்கு வாசனை வருது” என்றாள். என் கடைச் சரக்காயிற்றே, விட்டுக்கொடுக்க முடியுமா, “புதுச் சரக்கு, மணம் தூக்கலாத்தான் இருக்கும்” என்றேன். சனிக்கிழமை வேகவைத்த அவரைக்கொட்டைக்கும் அதே மணம். அதையும் புதுச் சரக்கு என்றேன். அன்று டாக்டர் வாசலில் நின்று உன் அம்மாவிடம், “மார்த்தா, காப்பி எப்படி இருக்கு?” என்று விசாரித்தார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அம்மா கேட்க, முந்தின வாரம் செனட்டரின் கொட்டிலில் விளக்குக்குப் போடும் மண்ணெண்ணெய் ஒரு டின் ஊற்றியவர் தாம்தான் என்று சொன்னார். “எண்ணெய் கிணத்துக்கு வந்து சேர்ந்திருக்கே, அதுக்கு முன்னாடி வேற என்னென்ன வந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க” என்றார். அம்மா யோசித்தாள். உள்ளே போய், காய்ச்சலுக்குப் பிறகு நீ போட்டிருந்த அந்தத் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு வெளியே வந்து அவர் கையிலிருந்த கயிற்றை வாங்கி, தானே செனட்டரின் கழுத்தில் மாட்டினாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “நீங்க கூட்டத்துல பேசினது போதும்” என்றாள்.

கிணற்றைவிட்டு விலக்கிப் புதுக் கொட்டில் கட்டினால் பன்றியைக் கூட்டிப் போகலாம் என்பது உத்தரவு. நாங்கள் ஆண்பிள்ளைகள், ரோஷக்காரர்கள், ஒருவரும் கட்டவில்லை. பன்றிக்கு வைக்கும் கழுநீரைப் பட்டிக்கே தூக்கிப் போய் ஊற்றினோம். மெயின் தெருப் பன்றிகள் மொத்தமும் அங்கே ஒரே கூரையின்கீழ், செனட்டர் தலைமையில், வாஷிங்டனில் நடப்பதைவிட ஒழுங்காகக் கூடியிருந்தன. செப்டம்பரில் கிணறுகளை இறைத்துக் கழுவினோம், நானும் இறங்கிக் கழுவினேன், இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஆனால் ஒன்று கேள், மகளே. செப்டம்பர் போனது, அக்டோபர் போனது, மெயின் தெருவில் ஒரு வீட்டிலும் காய்ச்சல்காரருக்காக ஜன்னலுக்குத் திரை போடவில்லை. பள்ளிக்கூடம் ஒருநாள்கூட மூடவில்லை. பிள்ளைகளுக்கே அதில் வருத்தம். போன மாதம் நான் தோற்றுப்போய்ப் புதுக் கொட்டில் கட்டினேன், தோட்டத்தின் அந்தக் கோடியில், மூக்குக்கும் தூரம், காலுக்கும் தூரம். செனட்டர் வீடு திரும்பி ஒரு வாரத்தில் குளிருக்குமுன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம், தொடை இரண்டும் புகையில் தொங்குகின்றன, ஒன்று உன் பேருக்கு.

ஆகையால் வசந்தத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. ரயிலில் ஜன்னலோரம் உட்காராதே, பயல் கண்ணில் கரி விழும். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், அவரை மறுபடி எந்தப் பதவிக்கும் நிறுத்தமாட்டேன் என்றும் சொல். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. பதில் எழுத மறக்காதே, அம்மாவுக்குத் தபால் வண்டியைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து நீண்டுவிட்டது.

உன் அன்பு அப்பா,
எனோக் டார்பெல்

பி.கு.: முழு உண்மையையும் எழுதாமல் உறையை ஒட்டக்கூடாது என்று அம்மா தோளுக்குப் பின்னால் நிற்கிறாள். இந்த வருஷம் ஊரில் காய்ச்சல் ஒரே ஒருவருக்கு வந்தது. டாக்டருக்கு. பட்டிக்கு நேர் கீழேதான் அவர் கிணறு. பிழைத்துக்கொண்டார், முடி முழுக்கக் கொட்டிவிட்டது, மனைவி தைத்துக் கொடுத்த தொப்பியோடு கட்டிலில் சாய்ந்துகொண்டு, தம் வாதம் நிரூபணமாகிவிட்டது என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சந்தோஷப்படுகிறார். “செத்திருந்தா இன்னும் நல்லா நிரூபணம் ஆயிருக்கும்” என்கிறாள் லொவினா. ஏமஸை அவரிடம் கொண்டுபோய்க் காட்டலாம். தண்ணீர் மட்டும் அங்கே வாங்கிக் குடிக்காதே.