சுதாவின் தூக்குச்சட்டி

ஜனவரி 11, ஞாயிறு

பாத்திர அலமாரியைத் துடைத்தேன். பின்னால் சுதாவின் தூக்குச்சட்டி. போன நோன்பில் அவள் மகன் ஸ்ரீராம், என் மகன் முபாரக்கின் கூட்டாளி, கொண்டுவந்தது. பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியை இதில்தான் நிரப்பிக் கொடுப்பேன். தோ பாயோவில் இருக்கும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவான். கடைசி நாள் இங்கேயே விட்டுப் போனான். "அப்புறம் எடுத்துக்கிறேன் ஆன்ட்டி!"

அடுத்தவர் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. இதில் எதைப் போட்டுக் கொடுப்பேன்? மறுபடி உள்ளேயே வைத்துவிட்டேன்.

ஜனவரி 14

சாப்பிட உட்கார்ந்ததும் முபாரக் தலை எண்ணுகிறான். நான், என் வீட்டுக்காரர் கனி, அவன். மூன்றே பேர்தான். எண்ணி முடித்துவிட்டுக் கதவைப் பார்க்கிறான்.

ஜனவரி 25

தூக்கமில்லை. எழுதியே விடுகிறேன்.

போன வருடம், கட்டாய ராணுவச் சேவையில் இருவருக்கும் உண்மைத் தோட்டாப் பயிற்சி. விடியவில்லை. முபாரக்கின் குழு மேட்டிலிருந்து சுட வேண்டும்; அவர்கள் நிறுத்திய பிறகே ஸ்ரீராமின் குழு கீழே ஓட வேண்டும். ஸ்ரீராம் முன்பே ஓடிவிட்டான். எதிலும் அவசரம் அந்தப் பிள்ளைக்கு. முடிந்ததும் தலை எண்ணினார்கள். ஒன்று குறைந்தது.

குண்டு என் மகனுடையது. யார் மேலும் தவறில்லை என்று விசாரணையை முடித்தார்கள். அவர்களுக்கு முடிந்தது.

எதிரியிடமிருந்து காப்பாற்று என்றுதான் துஆ கேட்டேன். கூட்டாளியிடமிருந்து என்று எந்தத் தாய் கேட்பாள்? யா அல்லாஹ், அந்தப் பொம்பளை முகத்துல நான் எப்படி முழிப்பேன்?

பிப்ரவரி 19

முதல் நோன்பு. கஞ்சியைச் சுதாவின் சட்டியில் ஊற்றினேன். கை தானாகச் செய்தது. கனி பார்த்துவிட்டார். "வேணாம் மைமூன், வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாத."

அவர் சொன்னதும் சரிதான். ஆனால் முபாரக் எழுந்து சட்டியை வாங்கிக்கொண்டான். "நான் போறேன்மா." மாதக்கணக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கை விட்டு இறங்காதவன்.

திரும்பி வந்து, "கதவு தொறக்கல. கேட்டுக்கு வெளிய வச்சுட்டு வந்தேன்" என்றான்.

பிப்ரவரி 20

இன்று காலையும் போனான். சட்டி அதே இடத்தில் இருந்ததாம். காலி. கழுவியிருந்தது.

குடித்தாளா? கொட்டினாளா?

பிப்ரவரி 27

மாலையில் போய் நிரம்பியதை வைக்கிறான், காலையில் காலியை எடுத்து வருகிறான். கதவு மூடியே இருக்கிறது. "போதும்டா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 4

நோன்பு திறந்து வெகுநேரம் கழித்துத்தான் வந்தான். பயந்து போயிருந்தேன்.

"கதவைத் தொறந்தாங்கமா."

"அழுதாங்களா? ஏசுனாங்களா?"

"இல்ல. என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம், 'மூடி சரியில்ல, பாரு, வழியெல்லாம் சிந்தியிருக்கு. நாளைக்கு நல்லா மூடி எடுத்துட்டு வா'ன்னாங்க."

நாளைக்கு என்றாளா? மறுபடியும் சொல்ல வைத்துக் கேட்டேன்.

சாப்பிடும்போது தலை எண்ணினான். இன்றும் கதவைப் பார்த்தான்.

அந்த மூடிக்கு ரப்பர் வளையம் தேக்கா சந்தையில் கிடைக்குமா என்று பார்க்கும்படி கனியிடம் சொல்லியிருக்கிறேன்.