ஐந்து நிமிடத்துக்கு ஒரு தட்டல்

செப்டம்பர் 6, சனி

இன்று எனக்கு ஒரு சர்வர் கிடைத்தது. கையால் தொட முடியாத பொருள். மாமா விளக்கியபடி எழுதி வைக்கிறேன்: எங்கோ ஒரு கட்டடத்தில் பெரிய கணினி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விடுகிறார்கள். அதில் ஓர் அறை எனக்கு. அறைக்கு ஓர் எண் முகவரி உண்டு.

மாமாவின் தொழில் அளவுக்கருவி பொருத்துவது. தண்ணீர்த் தொட்டி, பாலம், லிஃப்ட், எதுவானாலும். "பழைய வேலைக்கு வாங்கின முகவரி ஒண்ணு சும்மா கிடக்கு. அதையே வச்சுக்க" என்றார். பள்ளி நூலகத்தின் 1,914 புத்தகங்களையும் வெப்சைட்டில் பட்டியல் போடுவதாக நூலக டீச்சரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

கறுப்புத் திரையில் எல்லாக் கட்டளைகளையும் நானே அடித்தேன். மாமா கை வைக்கவில்லை. தப்பாக அடித்தால் மட்டும் தொண்டையைச் செருமினார். மாலை ஆறரைக்கு அம்மாவின் போனில் 'நூலகம் திறந்திருக்கிறது' என்று ஒரே ஒரு வரி தெரிந்தது.

"இதுக்கா காலையிலேர்ந்து சாப்பிடாம உட்கார்ந்திருந்தே?" என்றாள் அம்மா.

செப்டம்பர் 7, ஞாயிறு

லாக் என்பது சர்வரின் வாசல் குறிப்பேடு. யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் எல்லாம் அதில் பதிவாகும். ஒரே நாளில் 2,316 முறை யாரோ உள்ளே நுழையப் பார்த்திருக்கிறார்கள். நான் முகவரியை யாருக்குமே சொல்லவில்லையே. அட்மின், டெஸ்ட், கெஸ்ட் என்று வாய்க்கு வந்த பெயரையெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள்.

மாமா போனில் சிரித்தார். "புதுக் கதவுன்னா நாலு பேர் தட்டத்தான் செய்வாங்க. அது ஆள் இல்லம்மா, எல்லாம் புரோகிராம். பூட்டை மாத்திட்டு வேலையைப் பாரு."

மாற்றிவிட்டேன். பாஸ்வேர்டு கிடையாது, சாவிக் கோப்பு மட்டும்தான். ஆனாலும் வீட்டுக் கதவை இரண்டு முறை போய்ப் பார்த்தேன். எதற்கு?

செப்டம்பர் 9, செவ்வாய்

தட்டுகிறவர்களில் ஒருவர் வேறு மாதிரி.

மற்றவர்கள் வருவார்கள், கதவை உலுக்குவார்கள், போய்விடுவார்கள். இவர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறார். உள்ளே விடச் சொல்லவில்லை. இல்லாத ஒரு பக்கத்தின் பெயரைச் சொல்லி நான்கு எண்களை வைத்துவிட்டுப் போகிறார். 2, 4.12, 29, 81. இரண்டாவது எண்ணுக்குப் பக்கத்தில் மில்லிமீட்டருக்கான சுருக்கெழுத்து. 'அப்படி ஒரு பக்கம் இல்லை' என்று என் சர்வர் ஒவ்வொரு முறையும் பதில் சொல்கிறது. அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

செப்டம்பர் 10, புதன்

4.12. 4.12. 4.13.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஐந்து நாள் எண்களை வரைபடத் தாளில் குறித்தேன். மூன்றாவது எண் வெப்பநிலை. நான்காவது பகலில் ஏறி இரவில் இறங்குகிறது. வெயிலில் சார்ஜ் ஆகும் பேட்டரியாக இருக்க வேண்டும். மில்லிமீட்டர் எண் மட்டும் இறங்கி வருவதே இல்லை. இன்று 4.16.

மாமாவுக்குப் போன் செய்தேன். துறைமுகத்தில் வேலையாக இருக்கிறார், சனிக்கிழமைதான் வருவார். எண்களைப் படித்துக் காட்டினேன்.

"அது விரிசல் அளக்கிற கருவி. சுவத்துல விரிசல் விட்ட இடத்துல குறுக்கே பொருத்துவோம். அந்த வேலை முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. எல்லாம் எப்பவோ செத்திருக்கும்னு நினைச்சேன்."

"எந்த இடம் மாமா?"

"பதினோரு இடம், எல்லாம் என் ஆளுங்க போய்ப் பொருத்தினது. ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டாம் நம்பர் ஒண்ணு உண்டு. ரெஜிஸ்டர் வீட்ல இருக்கு." பிறகு, "மூணு தாண்டினா ஆளை இறக்கணும்னு எல்லாருக்கும் எழுதிக் குடுத்திருந்தேன்" என்றார்.

அப்படியானால் எங்கோ ஒரு சுவர் மூன்றைத் தாண்டி நிற்கிறது. அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் அங்கே என்றால் எங்கே என்று தெரியாது.

செப்டம்பர் 16, செவ்வாய்

வரைபடத்தில் சின்னச் சின்னப் பற்கள் இருக்கின்றன. திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு மூன்று பங்கு ஏறி, கால் மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. யாரோ பலர் ஒரே நேரத்தில் அதன் மேல் நடக்கிறார்கள்.

நேரங்கள்: 8.45. 10.40. 12.45. 3.30.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். இந்த நேரங்கள் எனக்கு மனப்பாடம். ஆனால் எல்லாப் பள்ளியிலும் ஏறக்குறைய இதே மணிதானே? நான் கண்டதையும் படித்துக் கண்டதையும் நினைக்கிறேன் என்று அம்மா சொல்வாள்.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று பியூன் அண்ணன் இடைவேளை மணி அடிக்க மறந்துவிட்டார். 10.52-க்குத்தான் அடித்தது. "அவருக்கு இன்னிக்குக் கனவுல லீவு" என்றாள் என் வகுப்புத் தோழி நெட்டை. எல்லோரும் இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் கைப்பிடிச் சுவரோரம் நின்று பேசிக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல் லாக்கைத் திறந்தேன்.

10.40 - ஒன்றுமில்லை. 10.45 - ஒன்றுமில்லை. 10.50 - ஒன்றுமில்லை. 10.55 - பல்.

அந்தப் பல்லில் நானும் இருக்கிறேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

முதல் மாடியில் நூலக வாசலுக்கு நேர் மேலே, இரண்டாம் மாடித் தாழ்வாரத்தின் தளமும் சுவரும் சேரும் இடத்தில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று இருக்கிறது. டிபன் பாக்ஸ் அளவு. ஐந்து வருடமாக அது ஏதோ மின்சாரப் பெட்டி என்று நினைத்து அதன் கீழே நின்று படித்திருக்கிறேன். நெட்டையை ஸ்டூல் மேல் ஏற்றினேன். எங்கள் வகுப்பிலேயே அவள்தான் உயரம்.

"அகராதி, இதுல ரெண்டுனு எழுதியிருக்கு. பக்கத்துல கோடு மாதிரி பிளந்திருக்கு."

"எவ்வளவு?"

"விரல் போகல. நோட்டு அட்டை போகுது." அட்டையைச் செருகினாள். அது அங்கேயே நின்றது. அவள் மெதுவாக இறங்கினாள். அதன் பிறகு அவள் என்னை அகராதி என்று கிண்டலாகக் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 20, சனி

மாமா ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு நேராக இங்கே வந்தார். எங்கள் பள்ளிதான். நிர்வாகம் வேலையை நிறுத்தச் சொன்ன அன்று அளவு 2.25. இன்று 4.31.

"நான் போய் அதைக் கழட்டியிருக்கணும். இல்ல, பார்த்துட்டே இருந்திருக்கணும். ரெண்டுல ஒண்ணு." டீ ஆறி ஆடை படியும்வரை குடிக்கவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

மாமா ஹெட்மிஸ்ஸைப் பார்த்தார். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். போன வருடமே இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போட்டாகிவிட்டதாம். பழைய கருவி தப்பாகக் காட்டலாமாம். தேர்வு முடிந்ததும் கமிட்டி கூடுமாம்.

"தப்பாக் காட்டுதான்னு பார்க்கவாவது யாரையாவது வரச் சொல்லுங்க மேடம்" என்று மாமா சொன்னது கேட்டது. அதற்கு என்ன பதில் என்பது கேட்கவில்லை.

போகிற வழியில் கட்டட ஆய்வு அலுவலகத்தில் மனு கொடுத்தார். ஆய்வாளர் அக்டோபர் 20 வருவாராம்.

செப்டம்பர் 24, புதன்

இன்று பூச்சு வேலைக்காரர் வந்து விரிசலைச் சிமெண்டால் அடைத்து வெள்ளை அடித்தார். பெட்டிக்கும் சேர்த்தே அடித்துவிட்டார். பார்க்க அழகாக இருக்கிறது. நூலக டீச்சர்கூட "இப்போதான் பளிச்சுனு இருக்கு" என்றார்.

மாலை லாக்: 4.46. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். பூசணி சோற்றுக்குள்ளிருந்தே பேசிக்கொண்டிருக்கிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

செய்துவிட்டேன். அந்த 'இல்லாத பக்கத்தை' உண்டாக்கினேன். கருவி வைத்துவிட்டுப் போகும் எண்ணை வாங்கி, நூலக வெப்சைட்டின் முகப்பில், புத்தகப் பட்டியலுக்கு மேலே காட்டும்படி எழுதினேன்: 'நூலகத் தாழ்வாரத்து விரிசல், மில்லிமீட்டரில். மூன்றுக்கு மேல் ஆள் இருக்கக் கூடாது.' அதன் கீழே 4.52.

நெட்டைக்கு மட்டும்தான் சொன்னேன்.

செப்டம்பர் 29, திங்கள்

முகப்பைப் பார்த்தவர்கள் 611 பேர். காலையில் எட்டாம் வகுப்புக் கரும்பலகையின் மூலையில் யாரோ 4.66 என்று எழுதியிருந்தார்கள். கணக்கு டீச்சர் அழித்தார். மதியம் அங்கேயே 4.67 இருந்தது.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஹெட்மிஸ் அம்மாவை வரச் சொல்லியிருந்தார். லேப்டாப்பையும் கொண்டு வரச் சொல்லியிருந்தார்.

"நம்பர் பொய்யா மிஸ்?" என்று கேட்டேன்.

"பொய்னு நான் சொல்லல. பயம்னு சொல்றேன். நீ ஒரு நம்பரைப் போடுவே. ஐநூறு பிள்ளைங்க ஒரே படிக்கட்டுல விழுந்தடிச்சு ஓடும். அப்போ நாலு பேர் மிதிபட்டா அதுக்கு யாரு பொறுப்பு? இருபத்தாறு வருஷமா நான் இந்தத் தாழ்வாரத்துல நடக்கறேன்மா."

அவர் சொன்னதிலும் பாதி சரி என்று தோன்றியது.

என் கையாலேயே அந்தப் பக்கத்தை அழித்தேன். இதைப் பற்றி யாரிடமும் பேச மாட்டேன், எங்கும் வெளியிட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். கடைசி வரியில் 'கீழ்ப்படிதலுள்ள' என்று போடச் சொன்னார். அதையும் போட்டேன்.

தெருவில் அம்மா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். "ஊர்ல யாருக்கும் இல்லாத அக்கறை உனக்கு எதுக்குடி" என்றாள். வீட்டு வாசலில் நின்று, "நீ எந்தப் படியில ஏறி இறங்குறே?" என்றாள்.

"முன்படி."

"நாளையிலேர்ந்து பின்படியில போ. நான் சொன்னேன்னு போ."

அக்டோபர் 1, புதன்

பின்படிக்குத் தாழ்வாரத்தை மிதிக்காமல் போக வேண்டுமென்றால் வகுப்பறைகளின் உள்கதவுகள் வழியாகத்தான் போக முடியும். ஒன்பதாம் வகுப்பு வழியாகப் போனேன். ஒருத்தி பெஞ்சை நகர்த்தி வழி விட்டாள்.

ஆறாம் வகுப்புச் சின்னப் பெண்கள் மூவர் மைதானத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

"அக்கா, இன்னிக்கு எவ்வளவு?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"நேத்தைவிட ஜாஸ்தியா?"

ஒன்றும் சொல்லவில்லை. மணி அடித்ததும் பின்படியில் ஏறினேன். பாதியில் திரும்பிப் பார்த்தேன். மூவரும் என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபர் 3, வெள்ளி

பின்படியில் பதினேழு பேர். யாரும் எதுவும் பேசிக்கொள்வதில்லை. நெட்டை மட்டும், "இந்தப் பக்கம் காத்து நல்லா வருது" என்று ஒரு டீச்சரிடம் சொன்னாள்.

அக்டோபர் 6, திங்கள்

எங்கள் வகுப்பு முழுவதும். ஒன்பது, எட்டு. உள்கதவுகளில் போட்டிருந்த பெஞ்சுகளை யாரோ ஓரம் கட்டிவிட்டார்கள். 4.93.

அக்டோபர் 8, புதன்

இன்றைய வரைபடத்தில் பற்கள் இல்லை. 10.40-க்கும் 12.45-க்கும் கோடு நேராகப் போகிறது. தாழ்வாரத்தில் யாருமே இல்லை என்று கருவி சொல்கிறது. அதன் கீழே உள்ள முன்முற்றத்திலும் யாரும் நிற்பதில்லை.

சந்தோஷப்படத்தான் உட்கார்ந்தேன். பிறகு கவனித்தேன்: பல் இல்லை, ஆனால் கோடு ஏறுகிறது. யாரும் மிதிக்காமலே ஏறுகிறது. 5.08.

அக்டோபர் 10, வெள்ளி

நூலக டீச்சரிடம் போய் நின்றேன். பேச மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேனே, எப்படிச் சொல்வது? அவரே, "பட்டியல் சரிபார்க்கணும்னு புத்தகத்தையெல்லாம் கீழே இறக்கலாமா?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். மாலைவரை பின்படி வழியாக இறக்கினோம். பாதிதான் முடிந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையிலிருந்து மழை. 5.61.

அக்டோபர் 13, திங்கள்

மழை. 6.2. மாமா மறுபடி ஆய்வு அலுவலகத்துக்குப் போனார். இருபதாம் தேதி என்று கொடுத்தால் இருபதாம் தேதிதானாம்.

அக்டோபர் 27, திங்கள்

பதினான்கு நாள் கழித்து எழுதுகிறேன்.

இன்று முதல் வகுப்புகள் பக்கத்து விளையாட்டரங்கில். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு வகுப்புகளைப் பிரித்திருக்கிறார்கள். நடுக்கோட்டில் பத்து, கோல் கம்பத்தடியில் ஆறு. நூலகத்துக்கு ஒரு மூலை. இறக்கிய புத்தகங்கள் 902. மற்றவை போனது போனதுதான்.

லாக்கின் கடைசி வரி செவ்வாய் 14, காலை 10.45. அளவு 7.38. அடுத்த தட்டலுக்கு முன்னால் தாழ்வாரம் நூலகத்தோடு சரிந்து விழுந்தது. அதன் பிறகு அந்தக் கதவை அவர் தட்டவில்லை. மற்றவர்கள் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆய்வாளர் சொன்ன தேதி தவறாமல் 20ஆம் தேதி வந்து, குவியலை அளந்து எழுதிக்கொண்டு போனார்.

பதினொன்றரைக்கு ஹெட்மிஸ் வந்தார். உரை எதுவும் நிகழ்த்தவில்லை. எல்லா வகுப்பு வருகைப் பதிவேடுகளையும் கொண்டுவரச் சொல்லி, நாற்காலி வேண்டாம் என்று நின்றபடியே தானே வாசித்தார். ஆறாம் வகுப்பில் ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தி, பதில் வந்த திசையில் முகத்தைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பெயருக்குப் போனார். என் பெயருக்கும் அப்படித்தான், மற்றவர்களுக்குப் பார்த்த அளவே பார்த்தார்.

முடிக்க ஒரு மணி ஆனது. ஒரு பெயருக்குக்கூட அவர் இரண்டாவது முறை கூப்பிட வேண்டியிருக்கவில்லை.