அவள் மறந்துபோனதாகச் சொல்கிறாள்

என் தங்கமான மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நாள் முழுக்க வார்டில் நிற்கிற அந்தக் காலுக்குக் கொஞ்சம் ஓய்வும் கொடுத்து நன்றாக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நீ எழுதின கடிதம் போன மாதக் கடைசியில் வந்தது. போனில் பேசாமல் இந்த ஆள் ஏன் பேனாவைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தான் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உன் பெரியவள் வந்து காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள், அவளுக்குத் தெரியாமல் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அவள் பள்ளிக்கூடத்தில், சின்னவன் தூக்கத்தில், அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் மற்ற கதையைச் சொல்லிவிடுகிறேன், எடுத்த எடுப்பிலேயே படபடப்பாகாதே. சின்னவன் இப்போது வாய் ஓயாமல் பேசுகிறான், பாதி அவனுக்கே புரியாது. ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தால்தான் இறங்குகிறது. குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, நானே வாஷர் மாற்றினேன், இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினவனுக்கு ஒரு குழாய் அடங்க மாட்டேன் என்கிறது. முழங்காலுக்குப் படியேறும்போதுதான் அதிகத் தொல்லை, ஆனால் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறதே, என்ன செய்ய. கீழ் வீட்டுத் தையல்காரம்மா முடிந்தபோதெல்லாம் சின்னவனைப் பார்த்துக்கொள்கிறார். உன் அம்மா இருந்திருந்தால் என்று தினமும் ஒரு தடவையாவது நினைத்துக்கொள்கிறேன், அது கிடக்கட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் நர்ஸிங் பரிட்சை நடந்த வாரம் சின்னவனுக்கு லேசாகச் சளி என்று போனில் சொன்னேன் அல்லவா, அது பொய். செவ்வாய்க்கிழமை பெரியவளுக்குப் பள்ளிக்கூட லீவு, மத்தியானம் அவனுக்குக் காய்ச்சல் குபீரென்று ஏறி, சோபாவில் படுத்திருந்தவன் கண்ணை மேலே சொருகிக்கொண்டு கை கால் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டான். பல்லைக் கடித்துக்கொள்கிறானே, நாக்கு துண்டாகிவிடுமே என்று சமையலறைக்கு ஓடி ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு வந்தேன். பெரியவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, வாயில எதுவும் வைக்கக்கூடாது தாத்தா, அம்மா சொல்லியிருக்காங்க என்று கத்தினாள். அந்த ஸ்பூனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே தன் ஸ்வெட்டரை மடித்து வைத்து, கடிகாரத்தைப் பாருங்க தாத்தா, எத்தனை நிமிஷம்னு டாக்டர் கேட்பாங்க என்றாள். ஏழு வயதுப் பிள்ளையம்மா அது. நீ போன லீவில் பொம்மையை வைத்துக்கொண்டு உன் பாடத்தை ஒப்பித்தபோது பக்கத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் அல்லவா, எல்லாம் மனதில் ஏறியிருக்கிறது. இரண்டு நிமிஷத்தில் இழுப்பு நின்றுவிட்டது, எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. தையல்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், டாக்டர் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் இப்படி வருவதுண்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். இன்றுவரை மறுபடி வரவில்லை, அவர் எழுதிக்கொடுத்த சீட்டை இதோடு வைத்திருக்கிறேன், நீயே படித்துப் பார். போன தடவை அவன் சளி முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஓடி வந்து பன்னிரண்டு நாள் டூட்டியை விட்டாய், இப்போதும் சொன்னால் பரிட்சையைப் போட்டுவிட்டு ஓடி வருவாய் என்றுதான் மறைத்தேன். பெரியவளிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு.

ஆனால் நான் பண்ணின பெரிய தப்பு அது இல்லை. அன்றைக்கு டாக்டர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். தையல்காரம்மா, அவங்கம்மா படிச்சு நர்ஸ் ஆகப்போறாங்க, இவ படிக்காமலே ஆயிட்டா என்று சிரித்தார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அவளை மடியில் உட்காரவைத்து, இனிமே அம்மா நிம்மதியா அங்கேயே இருந்து படிக்கலாம், வீட்டுல நீ இருக்கியே என்று சொன்னேன். என் வாயை எதைக் கொண்டு அடிப்பது. சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை, உன் கடிதம் வந்தது. பரிட்சை முடிந்து அடுத்த மாதக் கடைசியில் கிடைக்கிற பத்து நாள் லீவுக்கு வர முடியாது, விட்ட டூட்டியை ஈடு கட்டாவிட்டால் ஒரு வருஷம் பின்னால் தள்ளிவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்தான் சத்தமாகப் படித்தேன். அவள் அழவில்லை, எழுந்துபோய்ப் பையை எடுத்துப் புத்தகத்தை அடுக்கினாள். கெட்டிக்காரி, புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்து அவளுக்கு ஒன்றும் தெரியாமல் போய்விட்டது. ஷூ லேஸ் கட்டத் தெரியவில்லை, சட்டைப் பொத்தான் போடத் தெரியவில்லை. தெர்மாமீட்டரைக் கொடுத்து எவ்வளவு என்று கேட்டால், எனக்கு நம்பர் மறந்துபோச்சு தாத்தா என்கிறாள். டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார், போனேன். வகுப்பிலேயே முதலில் வாசிக்கிற பிள்ளை, இப்போ ஒரு வரி வாசிக்க மாட்டேங்குது, வீட்ல ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன், வழியெல்லாம் எனக்குக் கோபம். வீட்டுக்கு வந்ததும், நடிக்காதே என்று கத்தி முதுகில் ஒரு அடியும் வைத்துவிட்டேன். அடித்த கை இன்னும் எனக்கு உறுத்துகிறது. உன்மேல்கூட நான் கை வைத்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை வாசலுக்குச் செருப்பு எடுக்கப் போனேன். சின்னவனைப் படியில் உட்காரவைத்து, அவன் ஷூ லேஸை அவள் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு சுருக்கு போட்டு, இழுத்துப் பார்த்து, வெகு அழகாக. என்னைப் பார்த்ததும் முகம் வெளிறி, கட்டினதை அவசர அவசரமாக அவிழ்க்க ஆரம்பித்தாள். அவிழ்த்துவிட்டு, எனக்குத் தெரியாது தாத்தா, சும்மா இழுத்தேன் என்றாள். எனக்கு முழங்கால் மடங்காது என்று தெரியுமே, எப்படியோ கீழே உட்கார்ந்தேன். ஏன் கண்ணு என்று கேட்டேன். அவிழ்த்த லேஸை விரலில் சுற்றினாள். பிறகு, எனக்கு எல்லாம் மறந்துபோச்சுன்னு அம்மாவுக்கு எழுதுங்க தாத்தா, நான் கத்துக்கிட்டதாலதானே அவங்க வரலை என்றாள். நீ கிளம்புவதற்கு முன் ஒரு மாதம் லேஸ் கட்டுவது, தலை சீவுவது, தம்பிக்கு மருந்து ஊற்றுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாய். எல்லாம் கற்று முடித்தாள், நீ போய்விட்டாய். அவள் கணக்கு அதுதான். அதற்கு நான் வேறு, வீட்டில் நீ இருக்கியே என்று முத்திரை குத்தியிருக்கிறேன். என்னால் அங்கேயே உட்கார்ந்து அழத்தான் முடிந்தது. சின்னவன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

நீ படிப்பை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உன் வீட்டுக்காரன் போனவன் போனவன்தான், நான் இன்னும் எத்தனை நாளைக்கு இந்த மூன்று மாடி ஏறுவேன், இந்தப் படிப்பை விட்டால் உங்களுக்குப் பிடிப்பு வேறு இல்லை. அதேசமயம் ஒரு வருஷம் தள்ளிப்போனால் இவர்கள் இன்னும் ஒரு வருஷம் உன்னைப் பிரிந்து இருக்க வேண்டும், அதுவும் எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நஷ்டம்தான். இருந்தாலும் கேட்கிறேன், இந்தப் பத்து நாளுக்கு வந்துவிடு. உங்கள் மேட்ரனிடம் நடந்ததை நடந்தபடி சொல், பொய் வேண்டாம், பொய்யால்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. மனம் இரங்கினால் நல்லது. இல்லை, தள்ளித்தான் போடுவேன் என்றால் தள்ளிப் போடட்டும், அந்த ஒரு வருஷத்தையும் நான் எப்படியாவது ஏறி இறங்கிக் கழித்துவிடுகிறேன். அப்பா சொன்னேன் என்று வா.

எடுத்த காரியம் எல்லாம் உனக்குக் கைகூட வேண்டும், நீயும் பிள்ளைகளும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கண்ணை மூட வேண்டும், அதற்குமேல் எனக்கு ஆசை இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார், ராத்திரிப் பயணம் வேண்டாம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வந்து இருக்கிற பத்து நாளும் அவளுக்கு எதையும் சொல்லிக்கொடுக்காதே, லேஸை நீயே கட்டிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா