நீங்கள் பாதியில் நிறுத்திய வைத்தியம்

அண்ணி,

இன்று உங்கள் மகள் செல்விக்கு ரவிக்கைத் துணி எடுக்கப் போனேன். கடைக்காரர் பிரித்துப் போட்ட துணியில் கஞ்சி வாடை அடித்தது. கார்மெண்ட்ஸ் வேலை முடிந்து நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது புடவையிலிருந்து வருமே, அதே வாடை. அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூற்று மூன்றில் உங்களுக்கு உதிரப்போக்கு ஆரம்பித்தது. நாற்றம் வந்துவிடுமோ என்று பயந்து, வேலையிடத்தில் கடைசி மிஷினைக் கேட்டு வாங்கிக்கொண்டீர்களாம். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னபோது செல்விக்கு நான்கு வயது. வைத்தியச் செலவுக்கு அண்ணன் சொந்த ஆட்டோவை விற்றுவிட்டு வாடகை ஆட்டோ ஓட்டத் தொடங்கினார். பெங்களூரில் நாம் இருந்த ஆஸ்டின் டவுன் குழாயடியில் பேச்சு வேறு மாதிரி போயிற்று. "நல்ல பொம்பளைக்கு அங்க எதுக்கு வியாதி வருது?" என்று கேட்டவர்கள், அதுவரை நம் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தவர்கள்தான்.

அப்போது எனக்கு ஓர் இடம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வந்து வாசலிலேயே நின்றார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. இந்த வியாதி இருக்கற வீட்டுல சம்பந்தம் வெச்சா எங்களைத்தான் கேப்பாங்க."

சமையலறையில் நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அதற்குப் பிறகும் கதிர்வீச்சு வைத்தியத்துக்கு, கரண்ட் வைக்க, ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லித்தான் தினமும் கிளம்பினீர்கள். துணைக்கு வருகிறேன் என்றால், "நீ செல்வியப் பாத்துக்கோ சுமதி, பஸ்ல போய்ட்டு வந்துடறேன்" என்பீர்கள். போனது ஒரு சின்ன தையல் கம்பெனிக்கு. அங்கே மிஷின்மேல் மயங்கி விழுந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"ஏன் இப்டி பண்ணே?" என்று அண்ணன் கேட்டார்.

"ஆட்டோ போச்சு, அவ கல்யாணமும் போச்சு. இன்னும் என்னத்த விக்கப் போறீங்க?" என்றீர்கள். அழக்கூட இல்லை.

மறுபடி சேர்த்தோம். நோய் பரவிவிட்டது என்றார்கள். வலியில் நீங்கள் தலையணையைக் கடிப்பதைப் பார்த்து, பெற்ற பெண்ணே என் பின்னால் ஒளிந்தாள். பொங்கலுக்கு முன்பே போய்விட்டீர்கள்.

எங்களுக்காக நீங்கள் காப்பாற்ற நினைத்தது எதுவும் மிஞ்சவில்லை. அண்ணன் இன்றும் வாடகை வண்டிதான் ஓட்டுகிறார். எனக்கு வேறு இடம் அமையவே இல்லை. பேச்சுக்குப் பயந்து அந்தத் தெருவையும் விட்டு வந்தோம்.

போன ஞாயிறு செல்வியைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. "அம்மா எப்படித் தவறினாங்க?" என்று கேட்டார்கள்.

"மஞ்சக்காமாலை" என்றார் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல்.

செல்வி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அதைக் கேட்டு நம்பியே வளர்ந்த பெண் அவள். நான் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். உங்களைக் கொன்ற நோயின் பெயர் தொண்டைவரை வந்து நின்றது, அண்ணி. இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.