சிவப்புச் சீட்டு

செவ்வாய்க்கிழமை, ஓசூர்.

எங்கள் தொழிற்சாலை ஸ்டோரில் எந்த இயந்திரப் பாகம் எத்தனை இருக்கிறது என்று ஏஐ தேடிப் பார்க்க நான் செய்த கருவிக்கு, ஏஐ படித்துத் தெரிந்துகொள்ளக் கொடுத்த விளக்கம் ஒரே வரி: "பாகத்தின் இருப்பைக் காட்டும்." இன்று சோதனையில் பேரிங் இருக்கிறதா என்று ஏஐயிடம் கேட்டேன். நாற்பது இருக்கிறது என்றது. ஸ்டோர் பார்க்கும் மல்லிகா அக்கா சிரித்துவிட்டார். நாற்பதும் தரச் சோதனையில் தேறாமல் சிவப்புச் சீட்டு கட்டிக் கிடப்பவை.

முட்டாள் ஏஐ என்றேன்.

"புதுசா சேர்றவங்களுக்கு மொத நாளே சொல்லிடுவோம், செவப்புச் சீட்டத் தொடாதீங்கன்னு. இதுக்கு நீ சொன்னியா?"

சுருக்கென்றது. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கருவியின் விளக்கத்தில் சேர்த்து எழுதினேன்: "சிவப்புச் சீட்டுப் பாகங்களும் இந்த எண்ணில் சேரும். தரச் சோதனைப் பதிவைப் பார்த்து அவற்றைக் கழித்துச் சொல்." மறுபடி கேட்டேன். உபயோகிக்க ஒன்றுகூட இல்லை என்றது.

"இப்பத்தான் நம்ம ஸ்டோர் ஆளு மாதிரி பேசுது."

இல்லை என்ற பதிலுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.