ஜன்னல் கம்பியில் என் கை

மகனே,

என் போனை நீ எடுப்பதில்லை. அதனால் நீ தங்கியிருக்கும் பெரியப்பா வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன்.

அன்று கள்ளக்குறிச்சி நகைக்கடையில், "நிச்சயதார்த்தத்துக்கா? பொண்ணுக்காங்க?" என்று கடைப்பெண் கேட்டாள். "எனக்குத்தாம்மா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நடுவில் ஒரு வைரமும் அதைச் சுற்றிப் பொடி வைரங்களும் பதித்த மோதிரத்தை எடுத்து வைத்தாள். "ஹாலோன்னு சொல்லுவாங்கக்கா. தூரத்துல இருந்தே தெரியும்."

என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் பக்கத்தில் நின்று தயங்கினார். உன் பழைய கணக்கு வாத்தியார்தான், இப்போது வெள்ளிமலைப் பள்ளியில் இருக்கிறார். "ஊரு பேசும்ங்க. மெல்லிசா ஒண்ணு எடுத்துக்கலாமா?"

"தெரியறதுதான் வேணும்" என்று அங்கேயே போட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது சங்கராபுரம் சாலையில் உங்கள் மறியலில் எங்கள் பஸ் நின்றது. இட ஒதுக்கீடு கேட்டுக் கோஷம் போட்டுக்கொண்டிருந்த நீ, ஜன்னலருகே வந்து என் விரலைப் பார்த்தாய்.

"கைய உள்ள இஸ்துக்கோம்மா. பசங்க பாத்துக்கினு இருக்கானுங்க."

நான் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. அன்றிலிருந்து நீ வீட்டுக்கு வரவில்லை.

உங்கள் கோரிக்கை நியாயமானது, இன்றும் சொல்வேன். உனக்குச் சேரவேண்டியதை நீ நடுரோட்டில் உட்கார்ந்து கேட்கலாம். எனக்குச் சேரவேண்டியதை நான் மட்டும் ஒளித்துவைக்க வேண்டுமா?

உன் அப்பா போய்ச்சேர்ந்த பிறகு எந்த வீட்டு விசேஷத்திலும் என்னை முன்னால் நிற்க விட்டதில்லை. நானும் ஓரமாகவே நின்றேன். இனி மாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை வெள்ளிமலையில் நிச்சயதார்த்தம். பெண் வீட்டுப் பக்கம் தட்டு மாற்ற ஓர் ஆள் வேண்டும். நீ வந்தால் நீ மாற்று. வராவிட்டால் நானே மாற்றிக்கொள்வேன்.

என்றும்
உன் அம்மா